பாட்டு பிடிக்கிறது, பாடுகிறவர் பேசுவது பிடிக்கவில்லை: கோயில் கச்சேரிக்குக் கூப்பிடலாமா?

குடமுருட்டிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். யோசனை கேட்டு எழுதுகிறேன், மனசில் பட்டதைச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. மாசியில் மாரியம்மன் திருவிழா, கடைசி நாள் கச்சேரி. இந்த வருஷம் விழாக் கமிட்டியில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். ஒரு பக்திப் பாடகரைக் கூப்பிடலாம் என்று பேச்சு. பெயர் வேண்டாம். கனமான சாரீரம், அம்மன் பாட்டு என்றால் இந்தப் பக்கம் அவர்தான். என் அம்மா வாசல் தெளிக்கும்போதே அவர் பாட்டைப் போட்டுவிடுவார்.

கொஞ்ச காலமாக அவர் வீடியோவில் பேசவும் செய்கிறார். துலுக்கனுக்கு வீடு வாடகைக்கு விடாதே, அவன் கடையில் சாமான் வாங்காதே என்கிற மாதிரி. பாட்டில் இப்படி ஒரு வரிகூட இல்லை. பேச்சில்தான்.

எங்கள் திருவிழாவுக்கு மைக் செட்டும் சீரியல் லைட்டும் போடுவது ஒரு பாய். அவருடைய அத்தா காலத்திலிருந்தே அவர்கள்தான். தென்னை மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவதும், கரண்ட் போனால் ஓடிப்போய் ஜெனரேட்டர் போடுவதும் அவர்தான். அந்தப் பாடகர் வந்தால் மைக்கை அவர் உயரத்துக்கு ஏற்றி, ‘ஹலோ ஹலோ’ சொல்லிப் பார்த்துக் கொடுக்கப் போவதும் அவர்தான். இதைக் கமிட்டியில் சொன்னேன். “கலை வேற, பேச்சு வேற, விடுப்பா” என்று முடித்துவிட்டார்கள்.

கூப்பிடலாமா? சரி, கூப்பிடவில்லை என்றே வைத்துக்கொள்வோம், வீட்டில் கேட்பதையும் விட்டுவிட வேண்டுமா? எனக்கு அந்தக் குரல் உண்மையிலேயே பிடிக்கும். அதுதான் சங்கடம்.

பஞ்சநதம்

தம்பி, கமிட்டி சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் திருவையாற்றுக்காரன். தியாகராஜ ஆராதனை மேடையில் எத்தனையோ மேதைகளைக் கேட்டவன். அவர்களில் பலருடைய சாதிப் பார்வையும் பெண்களைப் பற்றிய எண்ணமும் இன்றைக்குச் சபையில் சொல்லத் தக்கவையாக இருக்கவில்லை. அதற்காக அவர்கள் தோடியையும் பைரவியையும் தள்ளிவிட்டால் பிள்ளைகளுக்கு எதைப் பாடமாக வைப்பது?

தியாகராஜ சுவாமிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கௌளை ராகத்துப் பஞ்சரத்தினக் கீர்த்தனையில் தன் குற்றங்களை வரிசையாகச் சொல்லி வருந்துகிறார். அந்தப் பட்டியலில் நடர் (கூத்தாடுபவர்), விடர் (காமுகர்), கீழோர், பெண்கள் ஆகியோருக்கு உபதேசம் செய்து மகிழ்ந்ததும் ஒரு குற்றமாக வருகிறது. அதை ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமியன்று ஆண்களும் பெண்களும் சேர்ந்துதான் பாடுகிறார்கள். யாரும் எழுந்து போவதில்லை. அந்தக் கௌளை நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறதோ, அதற்காகத்தான் போகிறோம். ஆளைச் சலித்துக்கொண்டே போனால் கடைசியில் சல்லடைதான் கையில் மிஞ்சும்.

மாயவரத்தாள்

ஐயா, திருவையாற்றைப் பேசினால் பெங்களூர் நாகரத்தினம்மாளையும் பேச வேண்டும். பெண்கள் இன்று அங்கே சேர்ந்து பாடுவது தானாக வந்ததில்லையே.

தேவதாசி மரபில் 1878இல் பிறந்தவர். கவனிப்பாரற்றுக் கிடந்த தியாகராஜர் சமாதி இருந்த நிலத்தை வாங்கி, தன் சொத்தைப் போட்டு 1920களில் கோயில் எழுப்பினார். அவர் கட்டிய கோயிலிலேயே ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றார்கள். சொன்னவர்கள் அன்றைக்குப் பெரிய வித்வான்கள். அந்த அம்மாள் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். 1941இல்தான் கோஷ்டிகள் ஒன்றாயின. 1952இல் காலமானார். அவருடைய சமாதியும் அங்கேயே சுவாமிகளைப் பார்த்தபடி இருக்கிறது.

தியாகராஜர் பாட்டை அவர் ஒரு நாளும் விடவில்லை. உள்ளே வராதே என்று சொன்னவர்களுக்கு விட்டுக்கொடுக்கவும் இல்லை. இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடிந்திருக்கிறது. அதனால் “கலை வேற, பேச்சு வேற, விடுப்பா” என்பதில் அந்த ‘விடுப்பா’ மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. நாகரத்தினம்மாள் விட்டிருந்தால் நான் இன்று அந்தப் பந்தலில் உட்கார்ந்து பாடியிருக்க முடியாது.

இன்னொன்று. 1946இல் அதே மேடையில் தண்டபாணி தேசிகர் தமிழில் ஒரு விநாயகர் பாட்டைப் பாடியதும் பெரிய சர்ச்சை ஆயிற்று. ‘தீட்டாயிடுத்து’ என்ற தலைப்பிலேயே பெரியாரின் ‘குடியரசு’ இதழில் கட்டுரை வந்தது. இந்தச் சண்டைகளையும் ராகத்தோடு சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பேன்.

தஞ்சை வாசகசாலை

வெளியில் இதே கேள்வியை எப்படிக் கையாண்டார்கள் என்று இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர். 1850இல் யூத இசைக்கலைஞர்களை இழிவுபடுத்திப் புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதினார். 1869இல் துணிந்து சொந்தப் பெயரிலேயே மறுபடி வெளியிட்டார். இறந்தது 1883இல். பிறகு நாஜிகள் அவர் இசையைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் கோயில்களும் நொறுக்கப்பட்டதும், பாலஸ்தீனத்தில் இருந்த யூத இசைக்குழு நிகழ்ச்சியிலிருந்து வாக்னரை எடுத்துவிட்டது. சட்டம் எதுவும் போடவில்லை, ஆனாலும் இஸ்ரேலில் அந்த விலக்கு நிலைத்துவிட்டது. 2001 ஜூலையில் ஜெருசலேமில் இசைக்குழு நடத்துநர் டேனியல் பாரன்பாய்ம், அவரும் யூதர்தான், கச்சேரி முடிந்தபின் அரங்கைப் பார்த்து வாக்னர் வாசிக்கட்டுமா என்று கேட்டார். காரசாரமாக வாக்குவாதம் நடந்தது. சிலர் கத்திவிட்டு வெளியேறினார்கள். மற்றவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். அவர் செய்தது சரியா தப்பா என்று இன்றும் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது அவர் முதலில் கேட்டது. விரும்பாதவர் எழுந்து போக வழி இருந்தது.

இரண்டாவது, அமெரிக்கத் திகில் கதை எழுத்தாளர் லவ்கிராஃப்ட். கறுப்பர்களைப் பற்றி அவர் எழுதி வைத்திருப்பதைப் படித்தால் வயிறு புரட்டும். உலக மிகுபுனைவு விருதுக்கு அவர் தலைச் சிலையைத்தான் கொடுத்துவந்தார்கள். 2011இல் அதை வென்ற நெடி ஒகோராஃபர் நைஜீரிய வம்சாவளி. அந்த முகத்தைத் தன் வீட்டில் வைத்திருப்பது எப்படி இருக்கிறது என்று வெளிப்படையாக எழுதினார். 2015இல் அந்தச் சிலையைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். லவ்கிராஃப்டின் கதைகள் இன்றும் அச்சில் இருக்கின்றன, படிக்கிறவர்கள் படிக்கிறார்கள்.

குடமுருட்டிக்கரை கேட்ட இரண்டு கேள்வியும் எனக்கு வெவ்வேறாகத் தெரிவது இதனால்தான். வீட்டில் கேட்பது அவர் விஷயம். ஊர்ப் பணத்தில் மேடை போட்டு மாலை போடுவது ஊர் செய்கிற மரியாதை.

தீபங்குடி வழி

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் தமிழ்ச் சமணக் குடும்பம். குடவாசலுக்குப் பக்கம் தீபங்குடியில் எங்கள் ஜினாலயம் இருக்கிறது. டெல்டாவில் நாங்கள் இருப்பதே பலருக்குத் தெரியாது. “சமணரா? அவங்கதான் அப்பவே போயிட்டாங்களே” என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்.

பள்ளியில் தேவார வகுப்பு உண்டு. எனக்குக் குரல் நன்றாக வரும் என்று ஆசிரியை சேர்த்துக்கொண்டார். சம்பந்தர் சீர்காழிக் குளக்கரையில் குழந்தையாகப் பாடினார் என்று சொல்வார்களே, அந்த முதல் பதிகம், ‘தோடுடைய செவியன்’. பண் நட்டபாடை, கம்பீரநாட்டையில் பாடுவோம். அந்த ராகத்தின் மிடுக்கு எட்டு வயதுக் குழந்தைக்கும் புரியும். முதல் பாட்டு எல்லோருக்கும் தெரியும். பத்தாம் பாட்டு? ‘புத்தரோடு பொறியில் சமணும் புறங்கூற’ என்று தொடங்கும். அறிவில்லாத சமணர் என்று அர்த்தம். இந்தப் பதிகம் மட்டுமில்லை. சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாட்டு ராவணனுக்கு, ஒன்பதாவது அயனும் மாலும் தேடியதற்கு, பத்தாவது சமணரையும் பௌத்தரையும் திட்டுவதற்கு என்று ஒரு வரிசையே உண்டு. தலைமயிர் பறிப்பவர்கள், குளிக்காதவர்கள், நின்றுகொண்டு உண்பவர்கள் என்று வரும். எங்கள் முனிவர்களின் நோன்புகளைத்தான் அப்படிச் சொல்கிறார்.

வீட்டில் பாடிக் காட்டினேன். பாட்டி விளக்கு வைக்கும் முன்பே சாப்பிட்டு முடித்துவிட்டு, எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர் ஆற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. முழுவதும் கேட்டார். “ராகம் நல்லா இருக்கு. ஒம்பது பாட்டு பாடு, கடைசிப் பாட்டையும் பாடு. பத்தாவதை இந்த வீட்டுல பாடாதே” என்றார். ஆசிரியை மேல் அவருக்குக் கோபமில்லை. வகுப்புக்குப் போகாதே என்றும் சொல்லவில்லை. நான் இன்றைக்கும் நட்டபாடை பாடுகிறேன். பத்தாம் பாட்டு வரும்போது என் வயிறு இறுகும். அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. வகுப்பில் பொருள் சொல்லும்போதுகூட அந்தப் பாட்டைத் தாண்டி வேகமாகப் போய்விடுவார்கள். எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றியதாகப் பெரியபுராணம் சொல்கிற கதையைச் சில கோயில்களில் ஓவியமாகவும் சடங்காகவும் இன்றும் காணலாம். பார்க்கிறவர்களில் சமணரும் இருப்பார்கள் என்று யாருக்குத் தோன்றுகிறது?

மறுபக்கமும் உண்டு. சோழ அரசன் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியை ரசித்துப் படிக்கிறான் என்று சேக்கிழார் வருந்தினார், அதற்கு மாற்றாகவே பெரியபுராணம் பிறந்தது என்று உமாபதி சிவம் எழுதினார். பிற சமயத்தான் எழுதியதை ரசிக்கலாமா என்பது இந்த மண்ணில் அப்போதே எழுந்த கேள்வி. அதே சிந்தாமணியை 1887இல் அச்சில் கொண்டுவந்தவர் யார்? திருவாவடுதுறை சைவ மடத்தில் படித்த உ.வே.சாமிநாதையர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்துகொண்டே, அவ்வூர்ச் சமணர்களைத் தேடிப்போய் உட்கார்ந்து சந்தேகம் கேட்டுத் தெரிந்துகொண்டார். தனக்குத் தெரியாத சமயத்தை அதில் வாழ்கிறவர்களிடமே கேட்டார். அவர் படித்த மடமும் எங்கள் நூலும் ஒரே மனிதரிடம் சேர்ந்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

குடமுருட்டிக்கரை, நீங்கள் எங்கள் எல்லோரையும் கேட்கிறீர்கள். மைக் செட் பாயைக் கேட்டீர்களா?

பஞ்சநதம்

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்து வெகுநேரம் சும்மா இருந்தேன். எத்தனையோ ஓதுவார்கள் அந்தப் பத்தாம் பாட்டைப் பாடக் கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யார் இருக்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை.

ஆனாலும் ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். பதிகத்தில் திட்டு பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதையே நீங்கள் தாங்கிக்கொண்டு பாடுகிறீர்கள். இந்தப் பாடகரின் பாட்டில் அப்படி எதுவும் இல்லையே. பாட்டை மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் எனக்கு இன்னும் படுகிறது.

மண்டங்குடி அடியேன்

எங்கள் ஊர் ஆழ்வார் தொண்டரடிப்பொடி. பாபநாசத்துக்குப் பக்கம் திருமண்டங்குடி. அவருடைய திருமாலையில் எட்டாம் பாசுரம், சமணரும் சாக்கியரும் (பௌத்தரும்) அரங்கனைப் பழித்தால் ‘தலையை ஆங்கே அறுப்பதே கருமம்’ என்கிறது. அதே திருமாலை பின்னால் போய், இழிகுலத்தவர் என்று சொல்லப்படுகிறவர்கள் அடியாராக இருந்தால் அவர்களைத் தொழுங்கள், அவர்களுக்குக் கொடுங்கள், அவர்களிடமிருந்து கொள்ளுங்கள் என்று நான்கு வேதம் கற்ற சதுர்வேதிகளுக்குச் சொல்கிறது. ஒரே வாய். நான் இரண்டையும் மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எட்டாவதைச் சொல்லும்போது, இது தப்பு, ஆழ்வார் சொன்னாலும் தப்பு என்று சேர்த்தே சொல்கிறேன். எங்கள் கோஷ்டியில் சிலருக்கு என் மேல் வருத்தம்தான்.

அந்த அரங்கன் ஊரிலேயே குடியேறி நாகஸ்வரம் வாசித்தவர் ஷேக் சின்ன மௌலானா. ஆந்திரத்திலிருந்து வந்து நாச்சியார்கோயில் சகோதரர்களிடம் தஞ்சாவூர் பாணியைக் கற்றவர். அவர் ஊதிய தோடியை ஸ்ரீரங்கத்து வைணவர்கள் கேட்டு வளர்ந்தார்கள். டெல்டாவின் பழக்கம் இதுவும்தான்.

தவில்பட்டறை

நான் ரொம்பப் படிச்சவன் இல்லீங்க. தவிலும் மிருதங்கமும் செய்யுற குடும்பம். தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

மிருதங்கத்துக்கு மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் வேணும். தோலை ஊறவச்சு, மயிரைச் சொரண்டி, மூட்டு அடிச்சு, எருமைத்தோல்ல வார் கிழிச்சுப் பிடிக்கணும். வலந்தலையில, அதான் வலக்கைப் பக்கம், கல்லுப் பொடியையும் வடிச்ச சோத்தையும் கொழைச்சு ஒரு ஒரு படலமா தேச்சுத் தேச்சு ஏத்தணும். அவசரப்பட்டா வெடிச்சுப் போவும். அப்புறம்தான் அந்த நாதம். எங்க தாத்தா காலத்துல சில வித்வானுங்க வாத்தியத்தை வாசல்லயே வாங்கிக்குவாங்க. எங்களைத் தொட்டா கையைக் கழுவணும், நாங்க செஞ்ச தோலு மேல மட்டும் கை வைக்கலாம். தாத்தா அந்தக் கச்சேரிய ரேடியோவுல கேட்டுட்டு அழுவாரு, அவ்வளவு நல்லா வாசிப்பாங்க. தஞ்சாவூர் செபஸ்தியான் குடும்பம் மாதிரி பேர் வெளிய தெரிஞ்சவங்க கொஞ்சம் பேருதான். 2020ல பாடகர் டி.எம். கிருஷ்ணா அவங்களைப் பத்தி புஸ்தகம் போட்டப்ப, வெளியீட்டுக்குக் குடுத்த இடத்தைச் சென்னைக் கலாக்ஷேத்ரா கடைசி நேரத்துல இல்லைன்னுடுச்சு.

நான் சொல்ல வந்தது இது. எனக்குப் பிடிக்காத பேச்சு பேசுறவரு வாத்தியம் கொண்டுவந்தா, மூட்டு அடிக்க மாட்டேன்னு என்னால சொல்ல முடியாது. அந்த வார அரிசி அதுல இருக்கு. உங்க மைக் செட் பாய்க்கும் அதே நெலமதான். திருவிழா ஆர்டரை அவரால உட முடியுமா? காசு குடுக்குற கமிட்டிக்குத்தான் வேண்டாம்னு சொல்ற வசதி இருக்கு. வசதி இருக்குறவங்க “கலை வேற”ன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டா, வசதி இல்லாதவன் நின்னு மைக் புடிக்கணும்.

கீழத்தஞ்சை

தவில்பட்டறை அண்ணன் சொன்னதுக்கு மேல் பெரிதாகச் சொல்ல இல்லை. ஆனால் இங்கே எல்லோரும் ‘கருத்து’, ‘பார்வை’ என்று எழுதுகிறீர்கள். வீடு கொடுக்காதே, கடையில் வாங்காதே என்பது ஏவல். எங்கள் பக்கம் அதற்கு ஊர்விலக்கு என்று பெயர். குளத்தில் இறங்காதே, கடையில் சாமான் தராதே, வேலைக்குக் கூப்பிடாதே. கூலி கூடக் கேட்டவர்களுக்கும் செங்கொடி ஏற்றியவர்களுக்கும் அதுதான் நடந்தது. வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரைக் குடிசையோடு எரித்தது ஒரே ராத்திரியில் வந்த வெறி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதற்கு முன்னால் நிறையப் பேச்சு இருந்தது.

வாக்னர் செத்துப் போய்விட்டார். சம்பந்தருக்கு ராயல்டி போவதில்லை. இந்த ஆள் உயிரோடு இருக்கிறார். நீங்கள் கேட்கிற ஒவ்வொரு பாட்டுக்கும் அவர் சேனலுக்குக் காசு போகிறது. அந்தக் காசில்தான் அடுத்த வீடியோ. நான் வீட்டிலும் கேட்க மாட்டேன். குரல் நன்றாக இருப்பதால்தான் அந்தப் பேச்சும் எடுபடுகிறது.

பஞ்சநதம்

தம்பி, ஒரு கேள்வி. 2024இல் சென்னை மியூசிக் அகாதெமி சங்கீத கலாநிதி விருதை டி.எம். கிருஷ்ணாவுக்கு அறிவித்ததும், பாடகிகள் ரஞ்சனி காயத்ரி போன்றவர்கள் அந்த ஆண்டு அகாதெமி விழாவிலிருந்து விலகினார்கள். அவர் பெரியாரைப் போற்றுகிறார், பெரியார் பிராமணர்களுக்கு எதிராகப் பேசியவர் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. அவர்களுக்கு அவர் பொறுக்க முடியாதவர். வேறு பலருக்கு இவர்கள். ஒவ்வொரு ஊர்க் கமிட்டியும் இப்படிப் பட்டியல் போட ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும்? எனக்கு இது உண்மையான பயம்.

தஞ்சை வாசகசாலை

ஐயா, பயம் நியாயமானது. விலகியவர்களுக்கு விலக உரிமை உண்டு. அகாதெமிக்கு விருது கொடுக்க உரிமை உண்டு. விருது கொடுத்தார்கள், கச்சேரியும் நடந்தது. எனக்கு நான் வைத்திருக்கிற கோடு கீழத்தஞ்சை போட்டதுதான். ஒரு சமயத்தை, ஒரு தலைவரை, ஒரு கொள்கையை எவ்வளவு கடுமையாக விமர்சித்தாலும் கேட்டுக்கொள்ளலாம், எதிர்த்து எழுதலாம். அடுத்த தெருவில் இருக்கிற மனிதனுக்கு வீடும் பிழைப்பும் கொடுக்காதே என்பவருக்கு அந்தத் தெரு சேர்ந்து வரி கொடுக்கிற விழாவில் மாலை போடக் கூடாது. எல்லா வழக்கும் இந்தக் கோட்டில் அடங்காது. இந்த வழக்கு அடங்கும்.

மாயவரத்தாள்

வீட்டில் கேட்பதைப் பற்றி மட்டும் கீழத்தஞ்சையோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. காலையில் அம்மன் பாட்டு கேட்கிற ஒரு அம்மாவிடம் போய் நிறுத்து என்று சொல்ல மாட்டேன். அவர் கும்பிடுவது அம்மனை. பாடுகிறவர் என்ன பேசுகிறார் என்பதை அவருக்குச் சொல்லலாம், சொல்ல வேண்டும். முடிவு அவருடையது.

குடமுருட்டிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் நன்றி. தீபங்குடி அக்கா கேட்டதற்குப் பிறகு மைக் செட் கடைக்குப் போனேன். ஆம்ப்ளிஃபையரைப் பிரித்துப் போட்டு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. “அந்த வீடியோவை என் மவனே காட்டுனான் தம்பி. பாட்டு நல்லாப் பாடுவாரு, நானே எத்தனை கல்யாண வீட்டுல போட்டிருக்கேன். வந்தா நான் வந்து மைக் கட்டிக் குடுப்பேன், அம்மன் வேலை, அத்தா காலத்து வேலை. மவனை மட்டும் அன்னைக்கு அனுப்ப மாட்டேன்” என்றார். கமிட்டியில் நான் பேச வேண்டாம் என்றும் சொன்னார், தன்னால் தகராறு என்று பெயர் வரும் என்று. அவர் பெயரை எடுக்காமல், என் பெயரில் பேசுவதாகச் சொல்லி வந்தேன்.

நேற்றுக் கூட்டத்தில் பேசினேன். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். தலைவர் கடைசியில், ஊருக்குள் வருத்தம் வருகிற மாதிரி ஒருத்தரைக் கூப்பிட வேண்டாம், கடைசி நாளுக்கு நாகஸ்வரக் கச்சேரி வைத்துக்கொள்ளலாம் என்றார். முழு மனசோடு சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து போனவர்கள் இந்த வருஷம் வரி தர மாட்டோம் என்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும்.

அம்மாவிடமும் சொன்னேன். அந்த வீடியோவைப் பாதி பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னார். மறுநாள் காலை அதே பாட்டுதான் ஓடியது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

தவில்பட்டறை அண்ணே, நல்ல நாகஸ்வர செட் யாரையாவது சொல்ல முடியுமா? இரட்டை நாகஸ்வரம், இரட்டைத் தவில். மேடையில் நாற்காலியோ ஜமக்காளமோ எது வேண்டுமோ போடுகிறோம். நின்றுகொண்டு வாசிக்க வைக்க மாட்டோம்.

தவில்பட்டறை

சொல்றேன் தம்பி. மாசியில முகூர்த்தம் நிறைய, செட்டு கிடைக்கிறது கஷ்டம். தேதிய ஒடனே சொல்லுங்க, நானே பேசி முன்பணம் குடுத்து வச்சிடுறேன். சாப்பாடு, வண்டி ரெண்டும் கமிட்டி பாத்துக்கணும். மைக் ரொம்பக் கிட்ட வைக்க வேண்டாம்னு பாய்கிட்ட சொல்லிடுங்க, தவிலுக்கு எரையும்.